உரைகல்லைக் காட்டுங்க சாமி!

தி.நகர் உஸ்மான் ரோட்டில ஒரு சவரன் சங்கிலி வாங்கப் போறோம். என்ன பண்றோம்? 916 முத்திரை இருக்கான்னு பார்க்கிறோம். செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவுன்னு கடைக்காரரைப் போட்டு வறுத்தெடுக்கிறோம். எங்க பாட்டி காலத்துல உரைகல்லைக் கொண்டுவரச் சொல்லி, உரசிப் பார்த்துட்டுத்தான் பணத்தையே எடுப்பாங்களாம்.

அதே ஊர்ல, அதே மக்கள், தசைச்சிதைவு நோய் வந்த குழந்தையைத் தூக்கிட்டுப் போய், "ஸ்டெம் செல் போட்டு சரி பண்றோம்"னு சொல்றவங்ககிட்ட பல லட்ச ரூபாயை எண்ணி வைக்கிறாங்க. உரைகல் எங்கேன்னு ஒருத்தரும் கேட்கிறதில்லை. இத்தனைக்கும் அப்படி ஒரு உரைகல் 1987-லேர்ந்து இருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் கோபமாத்தான் எழுதப் போறேன், மக்களே பொறுத்துக்கங்க.

முதல்ல மேட்டர் என்னன்னு சொல்லிடறேன். பதாலஜி லேப்ல பத்து வருஷம் டெக்னீஷியனா குப்பை கொட்டினவன் நான். டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஆனா தசையை வெட்டி, சாயம் போட்டு, கண்ணாடித் தகட்டில ஏத்தின கை இது. அந்த உரிமையில பேசறேன்.

நம்ம தசை நார் ஒவ்வொண்ணுக்கும் மேல மெல்லிசா ஒரு சவ்வு உண்டு. அதுக்கு உள்பக்கமா ஒட்டிக்கிட்டு டிஸ்ட்ரோஃபின்னு ஒரு புரதம் இருக்கு. 3685 அமினோ அமிலம் கோர்த்த நீளமான ஆசாமி. பந்தல் போடறப்போ துணி காத்துல கிழியாம இருக்க கயித்தால காலோட இழுத்துக் கட்டறோம்ல, அந்தக் கயிறு வேலைதான் இதுக்கு. நாருக்கு உள்ளே இருக்கிற எலும்புக்கூடு மாதிரியான அமைப்பை, சவ்வில இருக்கிற சார்கோகிளைக்கன் முதலான புரதங்கள் வழியா வெளியே இருக்கிற படலத்தோட இழுத்துக் கட்டுது. கயிறு இல்லைன்னா? தசை சுருங்கி விரியற ஒவ்வொரு தடவையும் சவ்வு கிழியும். கால்சியம் உள்ளே பாயும். சி.கே. என்கிற நொதி வெளியே ஒழுகி ரத்தத்துல கலக்கும். நார் செத்து, அந்த இடத்துல கொழுப்பும் தழும்பும் வந்து உட்காரும். இதுதான் டுஷேன் தசைச்சிதைவு. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும், ஏறக்குறைய 3500-லேர்ந்து 5000 பையன்கள்ல ஒருத்தனுக்கு. மூணு நாலு வயசுல மாடிப்படி ஏறத் தடுமாறுவான். தரையிலிருந்து எழுந்திருக்க தொடையில கையை ஊன்றி ஊன்றி எழுவான். கெண்டைக்கால் மட்டும் பயில்வான் மாதிரி கும்முனு இருக்கும். பன்னிரண்டு, பதிமூணு வயசு வாக்கில சக்கர நாற்காலி.

இந்தப் புரதத்தை முதல்முதலா கண்ணுல காட்டினது ஒரு ஆன்டிபாடிதான். 1987-ல் அமெரிக்காவுல ஹாஃப்மனும் குன்கெலும் ஜீன்லேர்ந்து ஒரு துண்டுப் புரதத்தைத் தயாரிச்சு, அதுக்கு எதிரா விலங்குகள்ல ஆன்டிபாடி உண்டாக்கி, அதை வெச்சு தசையில தேடினாங்க. நல்ல தசையில இருந்தது, டுஷேன் பையன்களோட தசையில காணோம். அப்படித்தான் அதுக்கு டிஸ்ட்ரோஃபின்னு பேரே வெச்சாங்க.

ஆன்டிபாடின்னா என்னன்னு கேட்கிறவங்களுக்கு: தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் தெருவை நினைச்சுக்கங்க. அந்தக் கூட்டத்துல ஒரே ஒரு ஆளை மட்டும் அடையாளம் கண்டு, சட்டைக் காலரைப் பிடிச்சுக்கிட்டு, "இந்தா இவன்தான்"னு நிக்கிற ஆள் இருந்தா எப்படி இருக்கும்? அதுதான். 1975-ல் கேம்பிரிட்ஜில கோலரும் மில்ஸ்டைனும் ஒரே மாதிரி ஆன்டிபாடியை வேணுங்கற அளவு சுரக்கிற கலப்பு செல்களை உருவாக்கினாங்க. 1984-ல் நோபல் பரிசு. அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கப்படவே இல்லைங்கறது தனிக்கதை. அதே முறையில இங்கிலாந்தோட நியூகாசில் ஊர்ல டிஸ்ட்ரோஃபினுக்கு மூணு ஆன்டிபாடி செஞ்சாங்க. டிஸ்-1 நடுப்பகுதியைப் பிடிக்கும், டிஸ்-2 வால் முனையை, டிஸ்-3 தலை முனையை. உலகத்துல பல லேப்ல இன்னிக்கும் இந்த மூணும்தான் ஓடுது.

லேப்ல பண்றது இவ்வளவுதான். தசைத் துணுக்கை, திரவ நைட்ரஜன்ல குளிர வெச்ச ஐசோபென்டேன்ல முக்கி சட்டுனு உறைய வைக்கணும். மெதுவா உறைஞ்சா உள்ளே ஐஸ் படிகம் உண்டாகி தசை சல்லடை ஆயிடும். அப்புறம் க்ரையோஸ்டாட்ல எட்டு பத்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஆன்டிபாடியை ஊத்தி, அது பிடிச்ச இடம் தெரியற மாதிரி பழுப்பு நிறமோ ஒளிர்ற நிறமோ ஏத்தணும். நல்ல தசைன்னா ஒவ்வொரு நாரையும் சுத்தி அழகா ஒரு கோடு, புள்ளியைச் சுத்திக் கம்பி இழுத்த கோலம் மாதிரி. டுஷேன் தசைன்னா கோலமே கிடையாது, வெறும் வாசல். பெக்கர்னு சொல்ற மிதமான வகையில கோடு மங்கலா, விட்டுவிட்டு இருக்கும்.

சரி, இப்போ சண்டைக்கு வருவோம்.

மந்தைவெளியில இருக்கிற என் நண்பன் ஒருத்தனோட பையனுக்கு எட்டு வயசு. டுஷேன்னு ஜீன் டெஸ்ட்ல வந்தாச்சு. யாரோ சொன்னாங்கன்னு நகரத்தோட தென்பக்கம் இருக்கிற ஒரு இடத்துக்குப் போயிருக்கான் (பேர் வேண்டாம், இது ஒரு இடத்தோட பிரச்சனை மட்டும் இல்லை). மூணு 'சிட்டிங்'. ஒவ்வொண்ணுக்கும் லட்சக்கணக்குல. மனைவியோட நகை போச்சு. மூணாவது முடிஞ்சதும் எனக்கு ஃபோன் பண்றான்.

"டேய், நீ லேப்ல இருந்தவன்தானே, இந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாரு. இம்ப்ரூவ்மென்ட் இருக்குன்னு சொல்றாங்கடா."

பார்த்தேன். சி.கே. அளவு பதினெட்டாயிரத்துலேர்ந்து பதினோராயிரத்துக்குக் குறைஞ்சிருக்காம். கூடவே பையன் நடக்கிற வீடியோ ரெண்டு. இவ்வளவுதான் 'ஆதாரம்'.

"அந்த செல் போய் தசையில உட்கார்ந்துச்சா, டிஸ்ட்ரோஃபின் வந்துச்சான்னு பார்த்தாங்களா?"ன்னு கேட்டேன்.

"அதுக்கு பயாப்ஸி பண்ணணுமாம், பையனுக்கு வலிக்கும், தேவையில்லைன்னுட்டாங்க."

அடப்பாவிகளா! முதுகுத்தண்டுல ஊசி குத்தினப்போ வலிக்கலையா? அது வேலை செஞ்சுதான்னு பார்க்கிறப்போ மட்டும்தான் வலிக்குமா?

அந்த 'ஆதாரத்தை' எடுத்துக்குவோம்.

ஒண்ணு, சி.கே. இந்த நோய்ல சி.கே. தானாவே குறையும். ஏன்? ஒழுகறதுக்குத் தசை இருந்தாத்தானே ஒழுகும்! தசை தேயத் தேய வருஷா வருஷம் அளவு இறங்கும். அது போக, பையன் ரெண்டு நாள் ஓடியாடினா ஏறும், படுத்து ரெஸ்ட் எடுத்தா இறங்கும். கிளினிக்குல அட்மிட் பண்ணிப் படுக்க வெச்சு ரத்தம் எடுத்தா இறங்காம என்ன செய்யும்? குளத்துல தண்ணி வத்தறதைக் காட்டி "பாரு, கசிவை நிறுத்திட்டேன்"னு சொல்ற கதை இது.

ரெண்டு, வீடியோ. ஆறேழு வயசு வரைக்கும் டுஷேன் பையன்கள்ல பலர் வளர்ச்சியால கொஞ்சம் முன்னேறவே செய்வாங்க. அதுக்கப்புறம்தான் சரிவு. கூடவே தினம் பிசியோதெரபி, சில சமயம் ஸ்டீராய்டும் குடுக்கிறாங்க. நடை தேறினா அது எதனால? எதையும் ஒப்பிட்டுப் பார்க்காம எப்படிச் சொல்வீங்க?

மூணு, இதை நேர்மையா செஞ்சு பார்த்தவங்களோட கதை. அமெரிக்காவுல மெண்டல் குழு 12 பையன்களுக்கு ஆரோக்கியமான தசை முன்னோடி செல்களை மாசாமாசம் ஆறு மாசம் கையில ஊசியா போட்டாங்க. அப்புறம் பயாப்ஸி எடுத்து ஆன்டிபாடி போட்டுப் பார்த்தாங்க. ஒரே ஒரு பையனுக்குத்தான் குறிப்பிடத்தக்க அளவு, சுமார் 10 சதவீத நார்கள்ல, தானம் செய்தவரோட டிஸ்ட்ரோஃபின் இருந்தது. பலம் யாருக்கும் கூடலை. 1995-ல் அதை அப்படியே பிரசுரிச்சாங்க, "தோத்துட்டோம்"னு. தசைக்குள்ளயே நேரா குத்தினப்போ கதி இது. ரத்தத்துலயும் முதுகுத்தண்டுலயும் ஏத்தின செல் தானா வழி கேட்டுப் போய் உடம்பு முழுக்க தசையில உட்கார்ந்துக்கும்னு சொல்றவர், கண்ணாடித் தகட்டைக் காட்டாம பேசலாமா?

இன்னொரு தந்திரமும் இருக்கு, முன்னாடியே சொல்லி வைக்கிறேன். நாளைக்கே ஒரு பயாப்ஸி படத்தைக் காட்டி "இதோ பாருங்க, நாலு நார்ல கோடு தெரியுது"ன்னு சொன்னா உடனே கைதட்டிடாதீங்க. எந்த சிகிச்சையும் எடுக்காத டுஷேன் பையன்களோட தசையிலயும் அங்கொண்ணு இங்கொண்ணா சில நார்கள்ல டிஸ்ட்ரோஃபின் இயற்கையாவே தெரியும். அதனால சிகிச்சைக்கு முன்னால ஒரு தகடு, பின்னால ஒரு தகடு, பக்கத்துல நல்ல தசைத் தகடு ஒண்ணு, சவ்வு கிழியாம இருக்குன்னு காட்ட ஸ்பெக்ட்ரின் சாயம் ஒண்ணு. எண்ணிப் பார்க்கிறவருக்கு எது முன், எது பின்னு தெரியக்கூடாது. இவ்வளவும் இருந்தாத்தான் பேச்சு.

"ஏன்யா, ஆன்டிபாடி என்ன கடவுளா? அதுவும் தப்பு சொல்லுமே"ன்னு பின்னூட்டத்துல ஒருத்தர் கண்டிப்பா வருவார். வாங்க. சொல்லும். 2023-ல் வந்த ஒரு ஆய்வுல 65 புரதங்களுக்கான 614 வணிக ஆன்டிபாடிகளைச் சோதிச்சாங்க. பாதிக்கு மேல ஏதாவது ஒரு சோதனையில கோட்டை விட்டது. டிஸ்ட்ரோஃபின்லயே பெரிய பாடம் உண்டு. எடெப்ளிர்சன்னு ஒரு மருந்து. நார்கள்ல ஏறக்குறைய பாதியில டிஸ்ட்ரோஃபின் வந்துடுச்சுன்னு 2013-ல் சாயம் போட்ட படத்தை வெச்சு எழுதினாங்க. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. விடலை. வெஸ்டர்ன் பிளாட்னு இன்னொரு முறையில அளக்கச் சொன்னப்போ 180 வார சிகிச்சைக்கப்புறம் சராசரி 0.93 சதவீதம்னு வந்தது. நூத்துக்கு ஒண்ணு கூட இல்லை! ஆலோசனைக் குழு 7-க்கு 6-ன்னு எதிரா ஓட்டுப் போட்டும், 2016 செப்டம்பர்ல மருந்துக்கு அனுமதி குடுத்தாங்க. அது சரியா தப்பான்னு இன்னும் சண்டை ஓயலை. ஆனா கவனிங்க, அந்தச் சண்டையே நடக்க முடிஞ்சது ஏன்? எண் ஒண்ணு மேசை மேல இருந்ததால. பயாப்ஸி இருந்தது, ஆன்டிபாடி இருந்தது, வெளியாள் வந்து திரும்ப எண்ண முடிஞ்சது. நம்ம ஊர் கிளினிக்குல சண்டை போடக் கூட ஒரு எண் கிடையாதுங்கறதுதான் என் குற்றச்சாட்டு.

சாயம் பிடிச்சிட்டா மட்டும் நோய் சரியாயிடுச்சுன்னும் அர்த்தம் இல்லை. 2023-ல் அமெரிக்காவுல அனுமதி வாங்கின ஜீன் சிகிச்சையில குட்டி டிஸ்ட்ரோஃபின் தசையில தெரியத்தான் செஞ்சது. விலை 32 லட்சம் டாலர். அதே வருஷம் வந்த பெரிய சோதனையில முக்கிய அளவுகோலை அது எட்டலை. 2025-ல் நடக்க முடியாத நிலையில இருந்த ரெண்டு பையன்கள் சிகிச்சைக்கப்புறம் கல்லீரல் செயலிழந்து இறந்துட்டாங்க. ஆக உரைகல்லுல தேறினது எல்லாம் நல்ல நகைன்னு சொல்ல வரலை. உரைகல் பக்கமே வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறவன்கிட்ட எதுக்குய்யா நகை வாங்கணும்னுதான் கேட்கிறேன்.

சட்டம் என்ன சொல்லுது? ஐ.சி.எம்.ஆர். 2017-ல் போட்ட ஸ்டெம் செல் நெறிமுறைகள் தெளிவா இருக்கு. குறிப்பிட்ட ரத்த நோய்கள் மாதிரி ஏத்துக்கிட்ட தேவைகளுக்குச் செய்யற ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மத்தது எல்லாம் ஆராய்ச்சி நிலை. அனுமதி வாங்கின ட்ரயலாத்தான் செய்யணும், சிகிச்சைன்னு கடை விரிக்கக் கூடாது. இது ரகசியம் இல்லை. படிக்கத்தான் ஆள் இல்லை.

"நம்பிக்கையைக் கெடுக்காதே, பெத்தவங்களுக்கு அதாவது இருக்கட்டுமே"ன்னு நல்ல மனசோட சொல்றவங்களுக்கு: அந்தப் பல லட்சத்துல என்னென்ன செஞ்சிருக்கலாம் தெரியுமா? ப்ரெட்னிசலோன் மாத்திரை கொள்ளை மலிவு. டாக்டர் மேற்பார்வையில குடுத்தா, பையன் சொந்தக் கால்ல நடக்கிற காலம் கூடும்னு நிரூபணம் ஆனது. வருஷாவருஷம் எக்கோ எடுத்து இதயத்தைப் பார்க்கலாம். கணுக்கால் இறுகாம இருக்க பட்டை, நல்ல சக்கர நாற்காலி, ராத்திரி மூச்சுக்கு உதவற கருவி, ஸ்கூலுக்கு ஆட்டோ. இதெல்லாம் ஒழுங்கா கிடைக்கிற ஊர்கள்ல டுஷேன் பையன்கள் முப்பது வயசைத் தாண்டி வாழறாங்க, காலேஜ் போறாங்க. உண்மையான நம்பிக்கை அங்கே இருக்கு. நம்ம ஊசிக்காரங்க அதுக்கு வெச்சிருந்த காசைத்தான் உருவிட்டுப் போறாங்க.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாம முடிக்க மாட்டேன். நோய் எதுன்னு கண்டுபிடிக்கிறதுலயும் இந்த ஆன்டிபாடியை இப்போ ஓரங்கட்டறாங்க. "ஜீன் டெஸ்ட் வந்தாச்சு, இனிமே பயாப்ஸி எதுக்கு?" முதல்ல ஜீன் டெஸ்ட்தான், சந்தேகமே இல்லை. மூணுல ரெண்டு பங்கு பையன்களுக்கு டிஎன்ஏ-வுல ஒரு துண்டு காணாமப் போனது ரத்தப் பரிசோதனையிலயே தெரிஞ்சிடும், கத்தியே வேண்டாம். மிச்சப் பேர்? "பொருள் தெளிவில்லாத மாற்றம்"னு ஒரு வரி ரிப்போர்ட்ல வரும். அதை வெச்சுக்கிட்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

இங்கேதான் விஷயம் வீட்டுக்குள்ள நுழையுது. டிஸ்ட்ரோஃபின் கோளாறு எக்ஸ் குரோமோசோம்ல வர்றது. அம்மா கடத்தியா இருக்கலாம், ஆனா சுமார் மூணுல ஒரு பங்கு குழந்தைகளுக்குப் புதுசாவே உண்டாகும், அம்மாகிட்ட இருக்காது. அதே கெண்டைக்கால், அதே நடையோட சார்கோகிளைக்கன் கோளாறும் வரும். அது அப்பா அம்மா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வரணும். மாமன் மகள், அக்கா மகள்னு கட்டிக்கிற நம்ம பக்கத்துல அது வர வாய்ப்பு கூடுதல். வித்தியாசத்தைத் தகடு சொல்லும். டிஸ்ட்ரோஃபின் கோடு முழுசா இருந்து, சார்கோகிளைக்கன் கோடு காணோம்னா அது வேற நோய். பெண் குழந்தைக்கும் வரும், அடுத்த குழந்தைக்கான கணக்கும் வேற. ஆனா வீட்டுல என்ன நடக்குது? எந்த டெஸ்ட்டும் முடியறதுக்கு முன்னாடியே "உங்க வம்சத்துலேர்ந்துதான் வந்தது"ன்னு மருமகளைப் பார்த்துச் சொல்லியாச்சு. லேப் வாசல்ல அழுதுக்கிட்டு நின்ன அம்மாக்களை நான் பார்த்திருக்கேன். ஒரு சின்னக் குப்பி ஆன்டிபாடி பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு மாமியார் பதில் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

அந்தக் குப்பி ஏன் கிடைக்கலை? ஐரோப்பாவுலேர்ந்து ஐஸ்ல வரணும், விலை அதிகம், மாசத்துக்கு நாலு பயாப்ஸி வர்ற லேப்ல முழுசா செலவாகறதுக்குள்ள காலாவதி. கோட்டூர்புரம் சிக்னல்ல மே மாச வெயில்ல தெர்மகோல் பெட்டியோட ஆட்டோவுல உட்கார்ந்து, டிரை ஐஸ் கரையறதுக்குள்ள லேப்புக்குப் போய்ச் சேரணுமேன்னு தவிச்சிருக்கேன்.

ஆனா இது நம்மால முடியாத வித்தையா? வடநெம்மேலியில இருளர் கூட்டுறவு சங்கம் 1978-லேர்ந்து பாம்பு விஷம் எடுத்துத் தருது. அதைக் குதிரைக்கு ஏத்தி எடுக்கிற விஷமுறிவு மருந்தும் ஆன்டிபாடிதான். கிண்டியில கிங் இன்ஸ்டிட்யூட் 1899-லேர்ந்து இருக்கு. 2007-லயே இந்தியக் கம்பெனி ஒண்ணு புற்றுநோய்க்கான ரிட்டுக்சிமாப் ஆன்டிபாடியைத் தானே தயாரிச்சு சந்தைக்குக் கொண்டுவந்தது. தசையையும் தோலையும் கட்டிப் பிடிக்கிற கொலாஜன் எப்படி முறுக்கிக்கிட்டு நிக்குதுன்னு 1954-ல் உலகத்துக்குச் சொன்ன ஜி.என்.ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துலதான் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல 1986-லேர்ந்து ஒரு ஆன்டிபாடி வங்கி நடக்குது. ஆன்டிபாடி சுரக்கிற செல்களைச் சேமிச்சு வெச்சு, அடக்க விலைக்கு ஆராய்ச்சிக்காரங்களுக்கு அனுப்புறாங்க. டிஸ்ட்ரோஃபினுக்கும் அங்கே ஆன்டிபாடி உண்டு. தரமணியில அப்படி ஒண்ணு வர என்ன தடை? மருந்தா ஏத்தற ஆன்டிபாடியில காசு இருக்கு, உண்மையைச் சொல்ற ஆன்டிபாடியில காசு இல்லை. அவ்வளவுதான்.

அரசாங்கம் 2021-ல் அரிய நோய்களுக்குன்னு ஒரு கொள்கை கொண்டுவந்தது, டுஷேனும் பட்டியல்ல இருக்கு. மருந்துக்குப் பணம் ஒதுக்கறது பத்தி நிறையப் பேசறாங்க, நல்லது. அதே மூச்சுல, தகடு பார்க்கிற ரெண்டு லேபுக்கும் ஒரு உறைபெட்டிக்கும் பணம் ஒதுக்குங்கப்பா.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற நீங்க எல்லாருமே எழுதறவங்க. உங்க உறவுல, தெருவுல யாராவது இந்த ஊசிக்குப் பணம் புரட்டிக்கிட்டு இருந்தா ஒரே ஒரு உதவி செய்யுங்க. கிளினிக்குல இதைக் கேட்கச் சொல்லுங்க: "இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் செஞ்சீங்க? அதுல எத்தனை பேருக்கு முன்னும் பின்னும் டிஸ்ட்ரோஃபின் ஆன்டிபாடி போட்டுப் பார்த்தீங்க? தகடு எங்கே? எண்ணினது யாரு? எந்த ட்ரயல் பதிவு எண்?" உங்க பையனைக் கீறச் சொல்லி நான் சொல்லலை. விக்கிறவர் ஏற்கெனவே காட்டியிருக்க வேண்டிய ஆதாரத்தைத்தான் கேட்கச் சொல்றேன். பதில் இல்லைன்னா பணப்பையை மூடிட்டு வெளியே வந்துடலாம்.

நண்பன் நாலாவது சிட்டிங் போகலை. பையன் இப்போ ஸ்டீராய்டுல இருக்கான். கேரம் போர்டுல என்னைத் தொடர்ந்து தோற்கடிக்கிறான், அதுக்குத் தனியா பதிவு போட முடியாது :-)

பி.கு. 1: "எங்க சொந்தக்காரப் பையனுக்கு ஊசி போட்டு சரியாச்சு"ன்னு வர்ற பின்னூட்டங்களை வெளியிடுவேன், தடுக்க மாட்டேன். ஆனா மேலே இருக்கிற கேள்விகளுக்கான பதிலோட வாங்க.

பி.கு. 2: ஆன்டிபாடிக்கு 'எதிர்ப்பொருள்'னு எழுதலையேன்னு தமிழார்வலர்கள் திட்டலாம். லேப்ல யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, அதான். கும்மி அடிக்கிறதா இருந்தா ரெண்டாவது பி.கு.-வுல அடிங்க, மேலே இருக்கிறதைத் திசை திருப்பாதீங்க.